பதக்கமும் பயிற்சியாளர் பதவியும்: கத்தக்குறிச்சி சாந்தியின் வாழ்வை முன்வைத்து

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனின் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருவது 2006 டிசம்பரும் தோஹா நகரமும்தான். ஆசிய விளையாட்டுப் போட்டியின் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையின் பெயரால் சில நாட்களிலேயே அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்த அநீதியைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்னும் பேச வேண்டும். ஆனால் அதன் பிறகு தொடங்கிய அவருடைய இரண்டாவது பணியான பயிற்சியாளர் பணி, அதற்குரிய கவனத்தைப் பெறவே இல்லை. விளையாடியவர் விளையாடக் கற்றுத்தருபவராக மாறுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அந்த இயல்பான மாற்றம் இவருக்கு மட்டும் ஏன் ஏறத்தாழ 10 ஆண்டுப் போராட்டமாக ஆனது என்று கேட்டுப்பார்த்தால், நம் விளையாட்டு நிர்வாகத்தின் அடிப்படைக் கோளாறு ஒன்று வெளிப்படும். பயிற்சியாளர் பதவியைப் பதக்கத்துக்குத் தரும் சன்மானமாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தனக்கென்று தகுதியும் அளவுகோலும் உள்ள ஒரு தொழிலாக அதை மதிப்பதில்லை. பதக்கம் போனபோது சாந்தியின் பிழைப்பும் சேர்ந்து போனதற்குக் காரணம் இதுவே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சாந்தி 1981-இல் பிறந்தவர். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த தலித் பெற்றோரின் ஐந்து பிள்ளைகளில் ஒருவர். பெற்றோர் வேலைக்குப் போன நேரங்களில் உடன்பிறந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. 13 வயதில் அவருக்கு ஓடக் கற்றுத்தந்தவர் அவருடைய தாத்தா. அவரும் இளமையில் நல்ல ஓட்டக்காரர். குடிசைக்கு வெளியே கிடந்த மண்தரைதான் பயிற்சிக்களம். முதல் ஜோடி ஷூவும் தாத்தா வாங்கித்தந்ததுதான். எட்டாம் வகுப்பில் ஓடிய முதல் போட்டியில் ஒரு தகரக் கோப்பை கிடைத்தது. பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் மேலும் 13 கோப்பைகள் வந்தன. அதைக் கவனித்த ஒரு பள்ளிப் பயிற்சியாளரின் முயற்சியால் கட்டணம், சீருடை, மதிய உணவு மூன்றையும் பள்ளியே ஏற்றது. நாளுக்கு மூன்று வேளை சாப்பாடு என்பது அவருக்கு முதன்முதலாக வாய்த்தது அப்போதுதான். பிறகு புதுக்கோட்டையில் ஒரு கலைக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கிருந்து சென்னைக் கல்லூரிக்குப் போனார். இந்த வரிசையை உற்றுப் பார்க்க வேண்டும். அவரை உருவாக்கிய முதல் பயிற்சியாளரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. இரண்டாமவர் முதலில் செய்த உதவி ஓட்டநுட்பம் சார்ந்ததாக இல்லை. சோறு சார்ந்ததாக இருந்தது. மழையை நம்பிய கண்மாய்ப் பாசனமும் கூலி வேலையுமாக வாழும் ஒரு மாவட்டத்தில், ஓடும் பிள்ளையை அடையாளம் காண்பதும் அது பசியோடு ஓடாமல் பார்த்துக்கொள்வதும்தான் பயிற்சியின் பாதி. சாந்தி இதைப் புத்தகத்தில் படித்து அறியவில்லை, வாழ்ந்து அறிந்திருந்தார்.

அவருடைய ஓட்ட வாழ்வில் திரண்ட அறிவும் சாதாரணமானதல்ல. 2005-இல் தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். அதே ஆண்டு 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்தில் 10 நிமிடம் 44.65 விநாடி என்ற தேசியச் சாதனையைப் படைத்தார். பெண்களுக்கான ஸ்டீபிள்சேஸ் உலகத் தடகளப் போட்டியில் முதன்முதலாக இடம்பெற்றதே அந்த ஆண்டில்தான். இந்த இரண்டும் உடலிடம் வெவ்வேறு திறன்களைக் கேட்பவை. 800 மீட்டர் என்பது வேகமும் தாக்குப்பிடிக்கும் வலுவும் ஒன்றோடொன்று மோதும் ஓட்டம். முதல் சுற்றில் அரை விநாடி பேராசைப்பட்டால் கடைசி 100 மீட்டரில் கால்கள் மறுத்துவிடும். மிச்சம் வைத்து ஓடினால் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர வழி இருக்காது. முதல் வளைவைக் கடந்து தனித்தடம் முடிந்ததும் எங்கே உள்ளே நுழைவது, யார் பின்னால் ஒட்டி ஓடுவது, எப்போது வெளியே வந்து முந்துவது என்பதையெல்லாம் ஓடிக்கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஸ்டீபிள்சேஸிலோ, மூச்சு வாங்கும் களைப்பிலும் தடைக்கட்டையையும் நீர்ப்பள்ளத்தையும் தாண்டும் காலடிக் கணக்கு தவறக்கூடாது. தோஹாவில் சாந்தியின் நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. அடுத்து வந்த கஜகஸ்தான் வீராங்கனையைவிட 0.03 விநாடிதான் முன்னால். அந்த வேகத்தில் அது ஏறத்தாழ ஒரு சாண் தூரம். ஒரு சாண் இடைவெளியில் வெள்ளியை எட்டிப்பிடிப்பதற்கு வேண்டிய கணிப்பு முழுவதும் அவருக்குள் இருந்தது. பதக்கத்தைத் திருப்பி வாங்கியவர்களால் அதைத் திருப்பி வாங்க முடியாது.

அந்தப் பரிசோதனை என்ன சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்தறிய வேண்டும். பெண் போட்டியாளர்கள் எல்லோரையும் கட்டாயமாகச் சோதிக்கும் முறையைச் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1990-களின் தொடக்கத்திலேயே கைவிட்டிருந்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-இல் கைவிட்டது. சந்தேகம் எழுப்பப்பட்டால் தனியொருவரைச் சோதிக்கும் வழி மட்டும் திறந்தே இருந்தது. அந்த வழியாகத்தான் சாந்தி பிடித்து நிறுத்தப்பட்டார். அவர் ஊக்கமருந்து உட்கொண்டதாக யாரும் சொல்லவில்லை, ஏமாற்றியதாகவும் நிரூபிக்கவில்லை. மருத்துவருக்கும் அவருக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய விவரங்கள் ஊடகங்களில் வெளியாயின. அவற்றை இங்கே மறுபடியும் அடுக்குவது அந்த அத்துமீறலில் பங்கேற்பதாகும். வாதத்துக்கு அவை தேவையும் இல்லை. பெண்கள் பிரிவில் யார் ஓடலாம் என்பது ஒரு கேள்வி. இரண்டு சுற்றை எப்படி ஓடுவது என்று கற்றுத்தர யாருக்குத் தகுதி உண்டு என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் நம் அமைப்புகள் சத்தமில்லாமல் பொருத்திவிட்டன.

அவமானத்தின் சுமை தாளாமல் 2007-இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் செய்திகள் வந்தன. அந்த நிலையிலிருந்து அவரை மீட்ட வேலைகளில் முதன்மையானது பயிற்சி அளிப்பது. பதக்கம் போன பின்னும் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு வழங்கியிருந்தார். அந்தப் பணத்திலிருந்து தம்மிடம் பயின்ற பிள்ளைகளுக்குச் சாந்தி செலவிட்டார். புதுக்கோட்டையில் அவர் நடத்திய பயிற்சியகத்தில் 2009 அளவில் 68 பேர் பயின்றார்கள். சென்னை மாரத்தானில் அவருடைய மாணவர்கள் முதல் இடத்தையும் மூன்றாம் இடத்தையும் பிடித்தார்கள். 68 என்ற எண்ணிக்கையின் பாரத்தை ஒரு கணக்குப் போட்டால் உணரலாம். ஒரு பிள்ளைக்கு முட்டை, பால், கடலை என்று நாளுக்கு 20 ரூபாய் மட்டும் வைத்துக்கொண்டாலும், ஆண்டுக்கு 300 பயிற்சி நாட்களுக்கு 4,08,000 ரூபாய் ஆகும். ஷூ, ஸ்பைக்ஸ், போட்டிக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணம், தங்கும் செலவு எல்லாம் இதற்கு மேல். 15 லட்சம் முழுவதையும் இதில் போட்டாலும் நான்கு ஆண்டுகூடத் தாங்காது. அரசு செய்ய வேண்டிய வேலையை, பதக்கம் பறிக்கப்பட்ட ஒரு பெண் தம் பரிசுப் பணத்தைக் கொண்டு செய்துகொண்டிருந்தார் என்பதே இதன் பொருள்.

அதே காலத்தில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் அவருக்கு ஒப்பந்த அடிப்படையில் பயிற்சியாளர் வேலையும் கிடைத்தது. மாதம் 5,000 ரூபாய். பணி நிரந்தரம் கிடையாது. அந்த வருமானத்தில் குடும்பத்தையும் பயிற்சியையும் நடத்த முடியாமல் வேலையை விட்டார். 2012-இல் அவர் பெற்றோரைப் போலவே செங்கல் சூளையில் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு வேலை செய்வது செய்தியாக வெளிவந்து நாட்டையே உலுக்கியது. இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூளையில் 25 நாள் வேலை செய்தால் 5,000 ரூபாய். இடையில் சில ஆண்டுகள் கடந்து விலைவாசி உயர்ந்திருந்தது உண்மைதான். அதைக் கழித்துப் பார்த்தாலும், ஆசிய அளவில் ஓடிய ஒருவரின் பயிற்சி அறிவுக்கு அரசு வைத்த விலையும் கல் அறுக்கும் கைகளுக்குச் சூளைக்காரர் வைத்த விலையும் ஒரே தட்டில்தான் நின்றன. சூளை வேலை இழிவானது என்று இங்கே சொல்லவில்லை. அந்தக் கூலியே உழைப்புக்கு ஏற்றதல்ல. பயிற்சியாளர் என்ற தொழிலை அரசு எந்த இடத்தில் வைத்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. செய்தி வெளியான பிறகே மத்திய விளையாட்டு அமைச்சகம் தலையிட்டது. 2013-இல் பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு முடித்தார். மயிலாடுதுறையில் மறுபடியும் தற்காலிகப் பயிற்சியாளர் பணியே கிடைத்தது. மனுக்களும் முறையீடுகளும் தொடர்ந்தன. பதக்கம் பறிக்கப்பட்டு ஏறத்தாழ 10 ஆண்டு கழிந்த பிறகுதான் தமிழ்நாடு அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளராக நியமித்தது.

இந்தத் தாமதத்தின் வேர் எங்கே இருக்கிறது? விளையாட்டில் சாதித்தவருக்கு வேலை கொடுப்பது நம் நாட்டில் நன்றிக்கடனாகப் பார்க்கப்படுகிறது. ரயில்வே, காவல்துறை, வங்கி, பயிற்சியாளர் பணி எல்லாமே பதக்கப் பட்டியலைப் பார்த்து வழங்கப்படுகின்றன. நன்றி பாராட்டுவது நல்லதுதான். ஆனால் பயிற்சியாளர் பணியையும் அந்தப் பட்டியலில் சேர்த்தால், அதன் தகுதி மாணவரை வளர்க்கும் திறனிலிருந்து நழுவிப் பழைய வெற்றிகளின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பயிற்றுவித்தலைத் தனித் தொழிலாக வளர்த்த விளையாட்டுகளில் வேறு நடைமுறையைக் காணலாம். அமெரிக்க பேஸ்பாலில் அணியை நடத்துபவரை மேனேஜர் என்பார்கள். பெரும்பாலும் அவர் முன்னாள் ஆட்டக்காரர். வால்டர் ஆல்ஸ்டன் உயர்மட்டப் போட்டியில் பந்தடிக்க நின்றது 1936-இல் ஒரே ஒருமுறை. அதிலும் அடிக்க முடியாமல் வெளியேறினார். அவர்தான் பின்னாளில் டாட்ஜர்ஸ் அணியை 1954 முதல் 1976 வரை நடத்தி நான்கு உலகத் தொடர் பட்டங்களை வென்று தந்தார். அவருக்குப் பின் வந்த டாமி லசோர்டா, பந்துவீச்சாளராக 26 ஆட்டங்களில் இறங்கி ஒரு வெற்றியும் காணாதவர். மேனேஜராக 20 ஆண்டு நின்று இரண்டு பட்டங்களை வென்றார். இந்தியாவிலும் சான்று உண்டு. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் விமானப்படையில் பணியாற்றிய தடகள வீரர். 1985-இல் துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டபோது முதலில் பெற்றவர்களுள் ஒருவர். அந்த விருது அவருடைய சொந்தப் பதக்கங்களுக்காகத் தரப்படவில்லை. உஷாவின் ஓட்டத்துக்காகத் தரப்பட்டது. பதக்கமே இல்லாதவர் சிறந்த பயிற்சியாளர் ஆகலாம் என்றால், பதக்கம் பறிக்கப்பட்டவர் ஆவதற்கு எந்தத் தடையும் இருக்க நியாயமில்லை.

இதற்கு முதல் மறுப்பு நிர்வாகத் தரப்பிலிருந்து வரும். அரசுப் பயிற்சியாளர் பணிக்குப் பட்டயம் தேவை, சாந்தியிடம் அது இல்லை, விதியை ஒருவருக்காக வளைத்தால் மற்றவர்களுக்கு அநீதி என்பார்கள். பட்டயம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. உடலியங்கியல், காயத் தடுப்பு, பருவமடையும் பிள்ளைகளுக்கு எவ்வளவு பயிற்சிச் சுமை தரலாம் என்ற கணக்கு ஆகியவை அனுபவத்தால் மட்டும் வராது. கேள்வி வேறு. ஒப்பந்தப் பயிற்சியாளராக எடுத்த அன்றே, ஊதியத்தோடு அவரைப் படிக்க அனுப்பியிருந்தால் இரண்டே ஆண்டில் முடிந்திருக்கும். படிக்க அனுப்பும் யோசனை, அவர் சூளையில் நிற்கும் செய்தி வந்த பிறகுதான் அரசுகளுக்கு வந்தது. பட்டயம் பெற்ற பின்னும் நிரந்தரப் பணி உடனே வரவில்லை என்பது, தடையாக இருந்தது பட்டயம் மட்டுமல்ல என்பதைக் காட்டுகிறது. ஒப்பந்த முறையே தவறு என்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆல்ஸ்டன் 23 ஆண்டும் ஓராண்டு ஒப்பந்தத்திலேயே பணியாற்றினார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் அவருடைய அணி ஆடிய ஆட்டத்தை வைத்து ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. வாழப் போதுமான ஊதியமும் இருந்தது. சாந்தியின் ஒப்பந்தத்துக்குப் பின்னால் அப்படியொரு கணக்கு இருந்திருந்தால், 68 பிள்ளைகளும் மாரத்தான் முடிவும் அவருக்காகப் பேசியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு ஆழமானது. நன்றாக ஓடியவர் நன்றாகக் கற்றுத்தருவார் என்பது உறுதியில்லை. ஒரு மாரத்தானில் கிடைத்த இரண்டு இடங்களை வைத்து ஒருவரைச் சிறந்த பயிற்சியாளர் என்று தீர்மானிக்க முடியாது. இது சரியான எச்சரிக்கை. இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு ஆதரவானதும் கூட. பயிற்சியாளரை மாணவர்களின் வளர்ச்சியைக் கொண்டுதான் அளக்க வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். நடுத்தூர ஓட்டக்காரர் ஒருவர் முதிர்ச்சி பெற எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும். உஷா 2002-இல் கோழிக்கோடு மாவட்டத்தில் தம் தடகளப் பள்ளியைத் தொடங்கினார். அதில் சிறுமியாகச் சேர்ந்த டின்டு லுக்கா 2010-இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடித் தேசியச் சாதனை படைத்தார். 2014 ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்றார். அந்த விளைச்சலுக்கு முன்னால் கேரள அரசின் ஆதரவும் தொடர்ச்சியான ஆண்டுகளும் இருந்தன. அதே 800 மீட்டரில் ஆசிய வெள்ளியை எட்டிய சாந்திக்குப் புதுக்கோட்டையில் அந்தத் தொடர்ச்சி கிடைக்கவில்லை. அவருடைய மாணவர்கள் எவ்வளவு தூரம் போயிருப்பார்கள் என்பதற்கு இன்று விடை இல்லாமல் போனதற்குக் காரணம், அவர் திறமைக் குறைவு அல்ல. பயிற்சி பாதியில் அறுபட்டதுதான். இதில் இழப்பு ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. 68 பிள்ளைகளும், அவர்களைப் பார்த்து ஓட வந்திருக்கக்கூடிய அடுத்த வரிசையும் இழந்தார்கள்.

மூன்றாவதாக, இது அபூர்வமான தனியொரு வழக்கு, இதிலிருந்து பொதுக் கொள்கையை உருவாக்கக் கூடாது என்று சொல்லலாம். பாலினச் சோதனையால் வீழ்ந்தவர்கள் சிலரே என்பது மெய். ஆனால் அவர்கள் பிற்பாடு எப்படி வாழ்ந்தார்கள் என்பது அமைப்புகளைப் பொறுத்தே வேறுபட்டது. ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்டக்காரர் மரியா ஹோசே மார்த்தினெஸ் பத்தீன்யோ 1985-இல் கோபே நகரில் பாலினச் சோதனையில் நிறுத்தப்பட்டார். போராடி 1988-இல் உரிமையை மீட்டார். பின்னர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். ஒடிசாவின் தூத்தி சந்த் 2014-இல் தடுக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையமே அவருடைய மேல்முறையீட்டுக்குத் துணை நின்றது. 2015-இல் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது. 2018 ஆசிய விளையாட்டில் அவர் இரண்டு வெள்ளி வென்றார். சாந்திக்கு நேர்ந்த கொடுமைதான் பின்னால் வந்தவருக்கு நாட்டின் ஆதரவு கிடைக்க வழி செய்தது என்றால் அது மிகையாகாது. ஆக, தடுத்தது எந்த விதியாக இருந்தாலும் விளைவு நிர்வாகத்தின் கையில் இருந்தது. மேலும், பதக்கத்தில் தொங்கும் பிழைப்பு அவருக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. காயத்தால் பாதியில் நின்றவர்கள், மாநில அளவோடு ஓய்ந்தவர்கள், தேர்வில் ஒரு விநாடியில் தவறியவர்கள் என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். ஓட்டத்தை அறிந்த அவர்களில் பலர் ஓட்டத்தோடு தொடர்பில்லாத கூலி வேலைக்குப் போகிறார்கள். சாந்தியின் வழக்கு, எல்லோருக்கும் நேர்வதை மிகக் கடுமையான வடிவில் காட்டியது, அவ்வளவே.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மாவட்ட விளையாட்டரங்குகளில் ஒப்பந்தப் பயிற்சியாளராக எடுக்கப்படும் ஒவ்வொரு முன்னாள் வீரரையும் குறிப்பிட்ட காலத்துக்குள் ஊதியத்தோடு பட்டயப் படிப்புக்கு அனுப்ப வேண்டும். பணி நிரந்தரத்தைப் பழைய பதக்கங்களைக் கொண்டு முடிவு செய்யாமல், அவரிடம் பயிலும் பிள்ளைகளின் எண்ணிக்கை, அவர்களுடைய நேரங்களில் ஆண்டுதோறும் காணும் முன்னேற்றம், காயமின்றித் தொடரும் விகிதம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். மாணவர்களின் உணவுச் செலவைப் பயிற்சியாளரின் சட்டைப்பையில் சுமத்தாமல் அரசே ஏற்க வேண்டும். சர்வதேச அமைப்பு ஒருவரை எந்தப் பிரிவிலும் ஓடக்கூடாது என்று சொன்னாலும், கற்றுத்தரும் உரிமையை அது தொடாது என்பதை நியமன விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். தோஹா வெள்ளியைத் திருப்பித் தரும் அதிகாரம் தமிழ்நாடு அரசின் கையில் இல்லை. பயிற்சியாளரை மதிப்பிடும் அளவுகோலை மாற்றும் அதிகாரம் முழுக்க அதன் கையில்தான் இருக்கிறது. ஒருவருக்கு நிரந்தரப் பணி கிடைத்ததோடு கணக்கு தீர்ந்துவிட்டதாக அரசு எண்ணினால், அதையும் இன்னொரு சன்மானமாகவே வழங்கியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். அடுத்துவரும் கிராமத்து ஓட்டக்காரர் செய்தியாகாமலேயே, போராடாமலேயே பயிற்சியாளராக முடிகிற நாளில்தான், சாந்தியின் 10 ஆண்டுகளிலிருந்து நாம் கற்றுக்கொண்டோம் என்று சொல்லலாம்.